கடையநல்லூர்த் தெருவின் வாசகர்கள்

ஊர்க்காரர் படிக்க எழுதினால் நுணுக்கமாக எழுதலாம், கடல் கடந்த வாசகருக்கு என்றால் வட்டார வழக்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று கதை எழுதுகிற எங்களில் பலர் நம்புகிறோம். சிங்கப்பூரைப் பொறுத்தவரை இது தவறு. அங்கே மேக்ஸ்வெல் உணவங்காடிக்குப் பக்கத்தில் கடையநல்லூர்த் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடும்பத்தோடு குடியேறினார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946-இல் அதன் முயற்சியில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி என்று அந்த வாழ்க்கை வேர்விட்டது. ஆண் மட்டும் போய்ச் சம்பாதித்துத் திரும்பினால் ஊர்ப்பேச்சும் அவனோடு திரும்பிவிடும். பெண்களும் போன இடத்தில் அது அடுப்படியில் தங்கிவிடுகிறது. தென்காசிப் பக்கத்தை எழுதுகிறவர் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் வாசகர் முன் உட்காரும்போது, எதிரே இருப்பவருக்குத் தன் ஊர் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாம் தலைமுறைக்கு ஊரைப் பற்றி என்ன தெரியும், எல்லாம் பாட்டி சொன்ன கதைதானே என்று கேட்பார்கள். ஓரளவு நியாயமான கேள்வி. ஆண்டையும் விலையையும் ஆவணத்தோடு ஒப்பிடாமல் கதைக்குள் சேர்ப்பது பிழை. ஆனால் உறவுமுறை விளிப்பு, கல்யாணச் சாப்பாடு, வசவு ஆகியவற்றில் பாட்டியின் பேச்சே நல்ல சாட்சி. ஊரில் பள்ளிக்கூடமும் தொலைக்காட்சியும் மாற்றிவிட்ட சொல், வெளியூர்க் குடும்பத்தில் பிழைத்திருக்கக்கூடும். சிங்கம்புணரியில் பிறந்து இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்த்த ப. சிங்காரம், ‘புயலிலே ஒரு தோணி’ நாவலில் மதுரைத் தெருக்களை அத்தனை துல்லியமாக எழுப்பியதற்கு, தொலைவில் இருந்த காலத்தில் ஊரை நினைத்ததும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இப்படிப்பட்ட வாசகர்களை மனத்தில் வைத்தால் எழுத்து ஊர் ஏக்கமாகக் குழைந்துவிடும் என்பது இன்னொரு ஆட்சேபம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய குடும்பத்துக்கு ஊரை ஏன் விட்டோம் என்பது மறக்காது. பொன்விளையும் பூமி என்று எழுதினால் முதலில் முகம் சுளிப்பவர்கள் அவர்கள்தான். இவர்களைத் தவிர, ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் கூடும் கட்டுமானத் தொழிலாளர்களில் பலர் அண்மையில் ஊரிலிருந்து வந்தவர்கள். பாட்டி காலத்து ஊரை அறிந்தவரும் இன்றைய ஊரை அறிந்தவரும் ஒரே நகரத்தில் கிடைப்பது எழுத்தாளனுக்குப் பெரிய கொடை. சிங்கப்பூருக்குப் போகும் எழுத்தாளர்களே, உங்கள் உரையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துக்குப் புத்தகம் நீட்டுபவரிடம் பூர்விகம் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.