தில்லை மரத்தடியில் ஒரு படகு

சங்கரன்கோவில்காரனுக்குப் படகு என்பது பெரும்பாலும் திரையில் பார்த்த பொருள்தான். எங்கள் பக்கத்துக் குளங்கள் நிறைவதே அபூர்வம். பிச்சாவரத்தில் துடுப்புப் படகின் விளிம்பை இரு கைகளாலும் பற்றியிருந்த என்னைக் கண்டு நண்பர்கள் மூவரும் சிரித்தார்கள்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சுமார் 1,100 எக்டேர் அலையாத்திக் காடு. கால்வாய் குறுகக் குறுக சுரபுன்னை வேர்கள் இருபுறமும் நெருங்கின. பேச்சு தானாக நின்றது. படகோட்டி ஒரு மரத்தைக் காட்டி, "அது தில்லை. பால் கண்ணுல பட்டா எரிச்சல் தாங்காது" என்றார். சிதம்பரத்துக்கே பெயர் தந்த மரம்! இங்கே உப்புநீரில் எந்தப் பெருமிதமும் இன்றி நிற்கிறது.

நண்பர் ஒருவர் 2004 சுனாமியைப் பற்றிக் கேட்டார். "காட்டுக்குப் பின்னால இருந்த ஊரு தப்பிச்சுது. கடலைப் பார்த்த ஊரு போச்சு" என்றார், துடுப்பை நிறுத்தாமலே. 2005இல் வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய அதையே கூறின. காப்பாற்றியது மரங்களல்ல, நிலத்தின் உயரமும் கடலிலிருந்து இருந்த தூரமுமே என்று பின்னர் மறுத்தவர்களும் உண்டு. நான் இரண்டையும் படித்திருக்கிறேன். அவரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"தண்ணி வத்துது, திரும்பலாங்களா?" என்றார்.