வெள்ளி ரதம் புறப்படுற வீடும் பக்கத்து வீடுகளும்

 

செட்டிப் பூசத்தன்னிக்கு வெள்ளி ரதம் எங்கிருந்து புறப்படுதுன்னு தண்ணீர்ப் பந்தல் வேலைக்கு வந்த நம்ம பிள்ளைங்களைக் கேட்டேன். பாதிப் பேரு தண்ணிமலையில இருந்துன்னு சொன்னாங்க. தண்ணிமலை ரதம் போய்ச் சேர்ற இடம். புறப்படுறது பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டில் இருந்து. பேரைக் கவனிங்க, கோயில் வீடு. தெருவில் மற்ற கடைவீடுகளோடு சேர்ந்து நிற்கிற ஒரு வீடு அது. சாமி அங்கிருந்து கிளம்புறதுக்குக் காரணம், அவரைக் கும்பிட்ட ஜனங்க அந்த வரிசையில்தான் குடியிருந்தாங்க.

நகரத்தார் அங்கே வட்டித் தொழில் செஞ்சாங்க. நம்மாளுங்க அந்தத் தெருவைக் கிட்டங்கித் தெருன்னே சொல்வாங்க. கிட்டங்கின்னா நீளமான ஒரு கூடம். தரையில் ஆளுக்கொரு பெட்டி, அதுதான் சாய்ந்து எழுதுற மேசை, அதுதான் பணம் வைக்கிற இடம், ராத்திரி படுக்கிறதும் அதுக்குப் பக்கத்திலேயே. ஊரில் இருந்து மூணு வருஷக் கணக்குக்கு ஏஜண்டு வருவார். மனைவி பிள்ளைங்க செட்டிநாட்டில். கூட ஒரு அடுத்தாள், எடுபிடிக்கு ஒரு பெட்டியடிப் பையன். எல்லாருக்கும் சேர்த்துச் சமையல். அந்தப் பையனுக்குப் பதினாலு பதினஞ்சு வயசு இருந்தாலே அதிகம். நம்ம வீட்டுப் பிள்ளை அந்த வயசில் கப்பல் ஏறிப் போயிருந்தா நமக்கு எப்படி இருக்கும்? அவங்க பணத்தில்தான் 1857-ல் தண்ணிமலையில் கோயில் எழும்பிச்சு. வெள்ளி ரதம் காரைக்குடியில் செஞ்சு 1894-ல் வந்தது.

செட்டியார்கள் மட்டும் இல்லை. பக்கத்து கிங் ஸ்ட்ரீட்டுக்குப் படவுக்காரத் தெருன்னு பேரு. தொங்கான்ல மூட்டை இறக்கின நம்ம ஆளுங்க இருந்த இடம். எங்க தாத்தாவும் அந்த வேலைதான். எங்க குடும்பம் இருந்தது கோயில் வீட்டுக்குக் கொஞ்ச வாசல் தள்ளி, மாடியில் ஒரே அறை.

அந்த மாதிரி வீட்டை இப்ப உள்ள பிள்ளைங்க பார்த்திருக்க மாட்டாங்க. முன்பக்கம் குறுகல், உள்ளே போகப் போகப் போய்க்கிட்டே இருக்கும். நடுவில் வானம் தெரியுற முற்றம், மழை நேரா உள்ளே விழும். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், பக்கத்து வீட்டுக் குழந்தை இருமினா எங்களுக்குக் கேட்கும். ஒருத்தர் முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்து, பலகை அடிச்சு அறை அறையா உள்வாடகைக்கு விடுவார். கீழே மசாலைக் கடை. பின்னறையில் ஒரு சீனக் கிழவி, அவங்க ஊதுபத்தியும் எங்க அம்மாவோட சாம்பிராணியும் முற்றத்தில் ஒண்ணாக் கலக்கும். ரதம் வர்றன்னிக்கு அந்த அம்மாதான் முதல்ல தேங்காய் வாங்கி வைப்பாங்க. வாசலில் அஞ்சடி. வெயில் மழை படாம தெருக்கோடி வரைக்கும் நடக்கலாம். படிப்பு, சீட்டாட்டம், கல்யாணப் பேச்சு எல்லாமே எங்களுக்கு அந்த அஞ்சடியில்தான்.

எங்க அறைக்கு மாசம் 30 வெள்ளி. அதுக்குக் காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 ஜனவரிக்குள்ள கட்டின வீடுகளுக்கு வாடகையை நினைச்சபடி ஏத்த முடியாது. அது நியாயம்னு நான் முழுசாச் சொல்ல மாட்டேன். வருமானம் இல்லாததால சொந்தக்காரங்க ஓடு மாத்தல, மரப்படி உளுத்துப் போச்சு. ஆனா அந்தச் சட்டம் இருந்த வரைக்கும்தான் கூலிக்காரன் பட்டணத்துக்கு நடுவில் இருக்க முடிஞ்சது. 1997-ல் ரத்து பண்ணி, 1999 கடைசி வரைக்கும் தவணை கொடுத்தாங்க. 2000 ஜனவரியில் இருந்து சொந்தக்காரர் கேட்டதுதான் வாடகை. எங்களுக்குச் சொன்ன தொகை அப்பாவோட மாசச் சம்பளத்தைத் தாண்டிச்சு. அந்த வீட்டில் இருந்த ஆறு குடும்பமும் கலைஞ்சது. நாங்க பட்டர்வொர்த் பக்கம் போனோம். நான் அப்ப பாயான் லெபாஸ் ஃபேக்டரியில் லைன் லீடர், தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வந்தேன். சீனக் கிழவியை மகள் அலோர் ஸ்டாருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க, பிறகு தகவல் இல்லை.

2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரமா அறிவிச்சாங்க. சுவரும் ஓடும் பிழைச்சது, சந்தோஷம்தான். இப்ப எங்க வீடு ஹோட்டல். முற்றத்தில் கண்ணாடி போட்டு, கீழே காப்பி விக்கிறாங்க. ஒரு ராத்திரி அங்க தங்குற காசு, நாங்க ஒரு வருஷம் கொடுத்த வாடகையை விட அதிகம்.

தொண்டூழியத்தில் எனக்குக் கொடுத்த வேலை கூட்டத்தை ஒழுங்குபடுத்துறது. அஞ்சடியில் யாரும் நிற்கக் கூடாதுன்னு உத்தரவு. ஆனா ஒவ்வொரு வருஷமும் சில வயசானவங்க விடியறதுக்கு முன்னமே தட்டோட வந்து, குறிப்பிட்ட ஒரு வாசலில்தான் நிற்பாங்க. பத்தடி தள்ளி நல்ல இடம் காலியா இருந்தாலும் போக மாட்டாங்க. ஒரு பாட்டிகிட்ட ஏன்னு கேட்டேன். "இதுதான்யா எங்க வீடு. சாமி இங்கதான் எங்களுக்கு நிப்பாரு"ன்னாங்க. அவங்களை நான் நகர்த்தல. புது தொண்டூழியர்களும் நகர்த்த வேண்டாம், மேலிடத்தில் நான் பேசிக்கிறேன்.

கிட்டங்கித் தெரு, படவுக்காரத் தெரு, குவீன் ஸ்ட்ரீட்டில் குடியிருந்த குடும்பங்க இந்தக் குழுவில் நிறைய பேர் இருக்கீங்க. எந்த வாசல், எத்தனை பேர் இருந்தீங்க, எந்த வருஷம் காலி பண்ணினீங்கன்னு கீழே எழுதுங்க. எழுத வராத அப்பா அம்மா இருந்தா, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு நீங்க எழுதிப் போடுங்க. அடுத்த பூசத்துக்குள்ள வாசல் வாரியா ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏத்திடலாம்னு இருக்கேன்.