உருகாட்டியும் ஒற்றைப் புள்ளியும்



2003ஆம் ஆண்டு மலேசியப் பள்ளிகளில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியபோது, மடிக்கணினியோடு ‘புரொஜெக்டர்’ என நாம் வழங்கும் உருகாட்டியும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. அன்று அதனைத் தொடுவதற்கே தயங்கினோம். அத்திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. உருகாட்டியோ வகுப்பறையில் நிலைத்துவிட்டது. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிள்ளைகள் கைப்பேசியின் சிறு திரையில் பாடம் படித்தனர். அதன் பின்னர், வீட்டுக்கு ஓர் உருகாட்டி வாங்கலாமா எனப் பெற்றோர் பலர் கேட்கின்றனர்.

அவர்களுள் ஒரு தாயார், “டீச்சர், மூனு பிள்ளைங்களும் ஒரே போன்ல படிக்கிறாங்க. இருநூறு வெள்ளிக்கு ஒன்னு கிடைக்குது. எங்க அண்ணன் வீட்டுல ஒன்னு இருக்கு, பார்த்துச் சொல்றீங்களா?” என்றார். இருநூறு வெள்ளி அவருடைய குடும்பத்திற்குச் சிறு தொகையன்று. இரவல் கருவியைப் பள்ளிக்கே கொண்டுவரச் சொன்னேன்.

பெட்டியின்மேல் பெரிய எண்கள் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றை நம்பாமல், விடு - வீடு, எடு - ஏடு, கொடு - கோடு, படம் - பட்டம் எனச் சொற்களைத் தட்டச்சு செய்து சுவரில் காட்டினேன். இரண்டாம் ஆண்டில் பயிலும் அவருடைய மகன் ‘வீடு’ என்பதை ‘விடு’ என்றே படித்தான். அதே சொல்லைப் பாடநூலில் காட்டியதும் பிழையின்றிப் படித்தான். குறை பிள்ளையிடம் இல்லை, சுவரில் இருந்தது. கருவியைச் சோதிக்காமல் விட்டிருந்தால், ‘வாசிப்பில் பின்தங்கியவன்’ என்னும் பெயர் அவனுக்கு வந்திருக்கும்.

காரணம் எளிது. ‘1080 தெளிவை ஏற்கும்’ என்பது, அத்தகைய படத்தைக் கருவி பெற்றுக்கொள்ளும் என்பது மட்டுமே. கருவியின் இயல்பான தெளிவு 800 × 480 புள்ளிகளாக இருந்தால், படம் அதற்குள் சுருக்கப்படும். அப்பொழுது முதலில் மறைவன மெய்யெழுத்தின் புள்ளியும் நெடிலின் சிறு சுழியுமே. தமிழில் பொருளையே மாற்றுபவை அவைதாமே! ஆகவே, வாங்குமுன் ‘இயல்பான தெளிவு’ எவ்வளவு என்று கேளுங்கள்; 1280 × 720 இருந்தால் நன்று.

ஒளியளவிலும் கவனம் தேவை. வெறும் ‘லூமன்’ எண்ணை விடுத்து ‘ஆன்சி லூமன்’ எண்ணைப் பாருங்கள். இது திரையின் ஒன்பது இடங்களில் ஒளியை அளந்து சராசரி கண்டு சொல்வது. படத்தின் அகலத்தை இருமடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். வெளிச்சமோ கால் பங்காகக் குறையும். பெரிய படமே நல்ல படம் என்பது தவறான எண்ணம்.

அன்று அந்தக் கருவியைச் சுவருக்கு அருகில் நகர்த்தி, படத்தை ஒரு மீட்டர் அகலத்திற்குள் சுருக்கினேன். திரைச்சீலைகளை இழுத்துவிட்டேன். கருவியைச் சாய்த்து வைத்து, கோணலைப் பொத்தானால் திருத்தினால் எழுத்து மேலும் மங்கும் என்பதால், மேசைமேல் சுவருக்கு நேராக வைத்தேன். எழுத்துகளின் அளவையும் கூட்டினேன். சுழி தெரிந்தது. “வீடு!” என்று கத்தினான் பையன்.

அண்ணன் வீட்டுக் கருவியையே வார இறுதியில் இரவல் பெற்றுப் பயன்படுத்துமாறு அந்தத் தாயாரிடம் கூறினேன். வாங்க விரும்புவோர், திருப்பிக் கொடுக்க இடமளிக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்கு வந்ததும், திரைப்படம் போட்டுப் பார்க்குமுன் மேற்கண்ட சொற்களைச் சுவரில் காட்டுங்கள். பிள்ளை எங்கு அமர்ந்து படிப்பானோ, அங்கே அமர்ந்து நீங்கள் படித்துப் பாருங்கள். ஆசிரியர்களும் கடைசி வரிசையில் ஒருமுறை அமர்ந்து பார்த்தல் நலம். புள்ளி தெரியவில்லையேல், பிள்ளையைத் திருத்துமுன் படத்தைத் திருத்துவோம்.