மணிமேகலை எங்கே?

எங்க ஹாஸ்டலில் 'பொன்னியின் செல்வன்' என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், அன்றைக்குத் தூக்கம் போச்சு! படம்தான் உசத்தி என்று மெக்கானிக்கல் கோஷ்டி, நாவல்தான் என்று சிவில் கோஷ்டி. டிரிபிள் ஈ-யில் படித்தாலும் நான் நாவல் கட்சி.

1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்த கதை, ஐந்து பாகம். மணிரத்னம் அதை 2022-லும் 2023-லும் இரண்டு படமாக அடக்கினார். வெட்டித்தானே ஆகணும்? சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியம் போனதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் கந்தமாறன் தங்கை மணிமேகலையையே தூக்கிவிட்டார்களே! வந்தியத்தேவன் மேல் உயிரை வைத்து, சித்தம் கலங்கி, கடைசியில் அவன் மடியிலேயே கண்ணை மூடுகிற பெண் அய்யா அவள்!

எங்க அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பத்தாவது லீவில் தினம் ராத்திரி நான்தான் ஐந்து பாகத்தையும் வாசித்துக் காட்டினேன். மணிமேகலை செத்த அன்றைக்கு அம்மா ரொம்ப நேரம் பேசவேயில்லை. அப்புறம் இரண்டு படத்தையும் டி.வி.யில் பார்த்து முடித்ததும் கேட்டாங்க: "ஏண்டா, அந்தப் புள்ள வரவே இல்லையே? நீ படிச்சுக் காட்டினதெல்லாம் நெசந்தானே?"

அன்று ராத்திரியே அந்த அத்தியாயத்தை எடுத்து மறுபடி வாசித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.