வரப்பு கட்டிய திரை

உங்கள் கம்ப்யூட்டரில் இந்த நிமிஷம் எத்தனை ஜன்னல் திறந்து கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பேங்க் கணக்கு ஒன்று, மெயில் ஒன்று, பாதியில் நிற்கும் கடிதம் ஒன்று, யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை ஒன்று. ஒன்றின் மேல் ஒன்றாக, பழைய பேப்பர் கடை மாதிரி. வேண்டியது எப்போதும் அடியில்தான் இருக்கும். மவுஸைப் பிடித்து இழுத்து, ஓரத்தில் தள்ளி, மூலையைச் சுருக்கி... நாளுக்கு எத்தனை தடவை இதைச் செய்கிறோம் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. என் வலது தோள் வைத்திருந்தது.

மொழிபெயர்ப்பு எனக்குச் சோறு போடும் தொழில். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ், இடையில் அகராதி. தினம் எட்டு மணி நேரம். ஒருநாள் சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் தூக்க முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, ‘‘டைப் அடிக்கலாம். மவுஸை மட்டும் கொஞ்சம் மறந்துடுங்க’’ என்றார். தொழிலையே விடச் சொல்லவில்லையே என்று ஒரு நிம்மதி. ஆனால், மவுஸ் இல்லாமல் எப்படி?

வழி சொன்னவன் அக்கா மகன். ‘‘மாமா, டைலிங் விண்டோ மேனேஜர்னு ஒண்ணு உண்டு. மவுஸைத் தொடாண்டாம். எல்லாம் கீபோர்டுதான். என் பழைய லேப்டாப்புலயே ஓடும், பாத்துக்கிடுங்க.’’

அந்த லேப்டாப், 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவனுக்குக் கிடைத்தது. விண்டோஸ் 7, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் என்று இரண்டும் அதில் இருந்தன. 2020 ஜனவரி 14-ம் தேதியோடு விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட, லேப்டாப் பரணில் ஏறியது. கவிமணி ‘மருமக்கள்வழி மான்மியம்’ எழுதிய நாஞ்சில் நாட்டில், மாமன் சொத்து மருமகனுக்குப் போனது பழைய கதை. மருமகன் சொத்து மாமனுக்கு வந்தது எங்கள் வீட்டில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸில் திரையின் அமைப்பு மைக்ரோசாஃப்ட் போட்ட கோலம். லினக்ஸில் அப்படி இல்லை. ஜன்னல்களை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்று பார்த்துக்கொள்ள ‘விண்டோ மேனேஜர்’ என்று தனியாக ஒரு புரோகிராம் உண்டு. பிடிக்காவிட்டால் அதை மட்டும் மாற்றலாம். வீட்டை இடிக்காமல் தரையை மட்டும் மாற்றுவதுபோல.

தரை என்றதும் நினைவு வருகிறது. நாகர்கோவில் பக்கம் பழைய வீடுகளின் கூரையைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டின் மேல் ஓடு ஏறி நிற்கும். மழைக்கு அது சரி. நாம் வழக்கமாகப் பார்க்கும் கம்ப்யூட்டர் ஜன்னல்களும் அந்தக் கூரை ஓடு ஜாதி. டைலிங் என்பது தரை ஓடு. ஓரத்தோடு ஓரம் பொருந்தும், ஒன்று இன்னொன்றை மறைக்காது. ஒரு ஜன்னல் திறந்தால் திரை முழுக்க அதுதான். இரண்டாவது வந்தால் பாதிப் பாதி. நாமாக எதையும் இழுக்க வேண்டாம். வயலில் வரப்பு வெட்டிப் பங்கு வைத்த மாதிரி.

இது ஏதோ புதுமோகம் என்று நினைக்காதீர்கள். 1985 நவம்பரில் வந்த முதல் விண்டோஸிலேயே ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது, பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். 1987-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஏற ஆரம்பித்தன. லினக்ஸ்காரர்களில் ஒரு கூட்டம் அந்தப் பழைய பாதைக்கே திரும்பிவிட்டது.

திரும்பியதோடு நின்றிருந்தால் சரி. ஆளுக்கொன்றாகச் செய்தும் வைத்துவிட்டார்கள். அதில்தான் தலைவலி.

‘ராட்பாய்சன்’ என்று ஒன்று. மவுஸ் என்றால் எலிதானே, அதற்கு எலிப் பாஷாணம். பெயரிலேயே கொள்கை விளக்கம் முடிந்துவிட்டது.

2006-ல் வந்தது ‘டி.டபிள்யூ.எம்.’ மொத்த புரோகிராமே 2,000 வரிக்குள் அடங்க வேண்டும் என்று விரதம் இருப்பவர்கள் செய்தது. அதில் முக்கியமான ஜன்னலுக்குத் திரையில் பாதி. மற்றவை எல்லாம் வலது பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒண்டிக்கொள்ள வேண்டும். பழைய தறவாட்டில் காரணவருக்குப் பெரிய அறை, மற்றவர்களுக்குக் கிடைத்த இடம் என்பதுபோல. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், ஒரு நிறத்தை மாற்றவேண்டும் என்றாலும் சி மொழியில் எழுதிய கோப்பைத் திருத்தி, புரோகிராமையே புதிதாகக் கட்டி எடுக்க வேண்டும்.

2007-ல் ‘எக்ஸ்மோனாட்’. அதன் அமைப்புகளை ஹாஸ்கெல் என்ற மொழியில் எழுதவேண்டும். நான் மறுபடி காலேஜில் சேர வேண்டும். ‘ஆசம்’ என்று இன்னொன்று, அதற்கு லுவா மொழி. 2022-ல் வந்த ‘ஹைப்பர்லேண்ட்’ பார்க்க அழகு. ஜன்னல்கள் வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும். அந்த ஒய்யாரம் எங்கள் பரண் லேப்டாப்புக்குத் தாங்காது.

மருமகனுக்குப் பிடித்தது டி.டபிள்யூ.எம். ‘‘மாமா, ஒரு தடவ நான் செட் பண்ணிக் குடுத்துட்டா பின்ன நீங்க ஒண்ணும் பாக்காண்டாம்’’ என்றான். அப்போதுதான் எனக்குள் ஒரு கேள்வி முளைத்தது. வேலை கிடைத்து அடுத்த மாசம் பெங்களூரு போகிறான். அவன் போன பிறகு, ராத்திரி பதினோரு மணிக்கு ஏதாவது முரண்டு பிடித்தால்? காலையில் அனுப்ப வேண்டிய அத்தியாயம் பாக்கி நின்றால்? நானே திறந்து, படித்துப் புரிந்து, சரிசெய்ய முடிய வேண்டும். தேர்வுக்கு எனக்குக் கிடைத்த ஒரே அளவுகோல் இதுதான். எது வேகம், எது அழகு என்பதெல்லாம் பிறகு.

அந்த அளவுகோலில் தேறியது ‘ஐ-3’. மைக்கேல் ஸ்டாபெல்பெர்க் என்ற ஜெர்மன்காரர் 2009-ல் தொடங்கியது. அதன் விதிகள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பில், ஒரு வரிக்கு ஒரு விதி. இந்த கீயை அழுத்தினால் இது நடக்கும், அவ்வளவுதான். வரியைத் திருத்திவிட்டு மூன்று கீயைச் சேர்த்து அழுத்தினால், திறந்திருக்கும் ஜன்னல்கள் அப்படியே இருக்க, புது விதி அமலுக்கு வந்துவிடும். வரப்பை எங்கே வெட்டுவது என்பதும் நம் இஷ்டம். ‘எச்’ கீ என்றால் அடுத்த ஜன்னல் பக்கத்தில், ‘வி’ என்றால் கீழே. எண்களை அழுத்தினால் பத்துத் தனித்தனித் திரைகள். ஒன்றாம் எண்ணில் மூலமும் மொழிபெயர்ப்பும் அருகருகே, இரண்டில் சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன், மூன்றில் மெயில். இதற்கெல்லாம் துணைக்குப் பிடிக்கவேண்டிய கீ, கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட அதே கீதான். வேடிக்கையைப் பாருங்கள்!

தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு டெஸ்க்டாப்பில் தமிழ் உள்ளிடும் புரோகிராம் தானாக எழுந்து வரும். ஐ-3-ல் பொதுவாக நாம்தான் ஒரு வரி எழுதி எழுப்பிவிட வேண்டும். எழுப்பிவிட்டால் தமிழ்-99 சுகமாக ஓடுகிறது. கீபோர்டு வரிசையில் இங்கிலீஷ் முதலாவதாகவும் தமிழ் இரண்டாவதாகவும் இருக்கட்டும். அப்போதுதான் தமிழில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் குறுக்குவழி கீகள் சொன்னபடி கேட்கும்.

எல்லோருக்கும் இது வேண்டுமா? வேண்டாம். படம் வரைகிறவர், போட்டோ திருத்துகிறவர் கைக்கு மவுஸ்தான் வேண்டும். ஒரே ஜன்னலில் சினிமா பார்ப்பவருக்கு வரப்பு எதற்கு? இதைப் போட்டால் பழைய மெஷின் பறக்கும் என்று சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். விண்டோ மேனேஜர் கொஞ்சமாகத்தான் சாப்பிடும். நிஜமான பெருந்தீனிக்காரன் பிரௌசர். அவனுடைய பசியை ஐ-3-யால் குறைக்க முடியாது. முயன்று பார்க்க நினைத்தால், இருக்கிற டெஸ்க்டாப்பை அழிக்காமல் பக்கத்திலேயே போடுங்கள். உள்ளே நுழையும்போது எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். பத்து நாள் விரல் தடுமாறும். பதினோராம் நாள் முடிவெடுங்கள்.

என் பதினோராம் நாள் தாண்டி ஆறு மாசம் ஆகிவிட்டது. தோள் முழுசாகக் குணமாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால், சட்டையை நானே மாட்டுகிறேன், அத்தியாயங்கள் தேதிக்குப் போய்ச் சேருகின்றன. பெங்களூருக்கு இரண்டு தடவைதான் போன் போட்டேன். ஒன்று பிறந்தநாள் வாழ்த்துக்கு.

எதிர்பாராமல் இன்னொன்றும் நடந்தது. திரை பாதியாக, காலாகப் பிரியும்போது, நாலாவது ஜன்னலைத் திறக்க மனசே வருவதில்லை. இடம் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறதே! மேலே மேலே அடுக்கும்போது இடம் தீராத மாதிரி ஒரு பிரமை. தீர்ந்துபோவது நம் கவனம்தான், அது திரையில் தெரியாது.

நாஞ்சில் என்றாலே கலப்பை. இங்கே வயல் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வரப்பு இருந்தால்தான் தண்ணீர் நிற்கும் என்பார்கள். அந்த வரப்பைத் தானே வெட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.