நான்காம் கூறு

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யும் குறளில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவர் என்பன அந்நான்கு. முதல் மூன்றையும் உலகம் எளிதில் நினைவிற் கொள்ளும். அருகிருந்தவரை விரைவில் மறந்துவிடும். கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்வில் அந்த நான்காம் கூறாக நின்றவர் அவர்தம் துணைவியார் ஜானகி அம்மாள்.

இவர்கள் கதை, கண்டு காதலித்து மணந்தோர் கதை அன்று. 1909ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் திருமணம் நடந்தபோது இராமானுஜனுக்கு வயது 21. இராஜேந்திரம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜானகிக்கு வயது 10. அக்கால வழக்கம் அது; இன்று அறிவுடையோர் எவரும் அதனைப் போற்றார். 1912இல் இராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். அவ்வாண்டு ஜானகியும் கணவர் வீடு வந்து சேர்ந்தார். ஆயினும் அவ்வீட்டில் மாமியாரின் சொல்லே சட்டம். இளையோர் இருவரும் தனித்துப் பேசிய பொழுதுகள் மிகச் சில. அதற்குள் 1914 மார்ச்சு 17ஆம் நாள், இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார்.

பிரிவு ஐந்தாண்டு நீண்டது. ஜானகி எழுதிய கடிதங்கள் அவர் கைக்கு எட்டவில்லை. அவர் எழுதியவை ஜானகியிடம் வந்து சேரவில்லை. இடையில் மாமியார் அவற்றை மறித்துவிட்டார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். தம்மை அவர் மறந்தாரோ என இவரும், இவர் மறந்தாரோ என அவரும் ஏங்கியிருந்த காலம் அது. அங்கோ முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. மரக்கறி உணவையன்றி வேறெதையும் தொடாத இராமானுஜன், குளிர் மிகுந்த கேம்பிரிட்ஜில் தாமே சமைத்து, நேரம் தவறி உண்டு, இரவு பகலாகக் கணக்கில் மூழ்கிக் கிடந்தார். 1917இல் நோய் அவரை வீழ்த்தியது. 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்னும் பெருமை வந்தது. உடல்நலம் மட்டும் திரும்ப வரவில்லை.

1919 மார்ச்சு 27ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் மெலிந்த உருவமாய் இறங்கினார் இராமானுஜன். தாயும் தம்பியும் வந்திருந்தனர். அவர்களைக் கண்டதும் ஜானகி எங்கே என்று அவர் கேட்டாராம். ஜானகியோ அப்பொழுது பிறந்த வீட்டில் இருந்தார். பின்னர்ச் சென்னை வந்து சேர்ந்த அவருக்கு வயது 20. மணமாகிப் பத்தாண்டு கழித்து அன்றுதான் இல்லறம் தொடங்கியது எனல் பொருந்தும். அதுவும் எங்கே? நோய்ப் படுக்கையின் அருகில்!

அவ்வாண்டு கோடைக்குப் பின் காவிரிக்கரை ஊராகிய கொடுமுடியில் தங்கியிருந்தனர். ஆவணி அவிட்டத்தன்று ஆற்றுக்குச் செல்லும் கணவருடன் தாமும் செல்ல விரும்பினார் ஜானகி. மாமியார் தடுத்தார். தாயின் சொல்லை அதுவரை மீறியறியாத இராமானுஜன், ஜானகியும் வருவாள் என்று உறுதியாகக் கூறிவிட்டார். ஆற்றங்கரைக்கு உடன் செல்வது ஒரு சிறு செய்தியே. ஆயினும், பத்தாண்டு காலம் மாமியாரின் நிழலில் ஒதுங்கி நின்ற இளம்பெண்ணுக்கு அது தமக்குரிய இடத்தைத் தந்தது. அதன்பின் அவ்விடத்தைவிட்டு அவர் அகலவே இல்லை.

கொடுமுடியிலிருந்து கும்பகோணம், கும்பகோணத்திலிருந்து சென்னைச் சேத்துப்பட்டு என இடங்கள் மாறின, நோய் மாறவில்லை. வலி மிகும்போது நோயாளிக்குச் சினமும் மிகும். அதையும் பொறுத்தல் வேண்டும். உரிய நேரத்தில் சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்தார் ஜானகி. காலிலும் மார்பிலும் வலி எழுந்தபோதெல்லாம் வெந்நீர் வைத்து ஒத்தடம் இட்டார். இராமானுஜனோ படுத்த நிலையிலும் கணிதத்தை விடவில்லை. வலியை மறக்க அவருக்கு அதுவே வழியாயிற்று. கேட்டபோது சிலேட்டை எடுத்துக் கொடுத்ததும், எழுதி எழுதிப் போட்ட தாள்களைப் பொறுக்கி அடுக்கியதும் ஜானகியின் கைகளே. அத்தாள்களில் உள்ள ஒரு வரியும் அவருக்குப் புரியாது. கணவருக்கு அவை உயிர் என்பது மட்டும் புரிந்தது. அன்புக்கு அந்த அறிவு போதும் அன்றோ?

உன்னையும் உடன் அழைத்துச் சென்றிருந்தால் இந்த நோய் வந்திராது என்று இராமானுஜன் ஒரு நாள் மனைவியிடம் மனம் திறந்தார். 35 வயதைத் தாம் தாண்டமாட்டார் என்றும், வருவதைத் துணிவுடன் ஏற்கவேண்டும் என்றும் அவரைத் தேற்றியும் வைத்தார். எலும்பும் தோலுமாய் இருந்தவர் நகைச்சுவை பேசி மனைவியைச் சிரிக்க வைப்பாராம். அருகிருந்து காத்தல் ஜானகியின் பங்கு எனில், அஞ்சாதிருக்கக் கற்பித்தல் அவர் பங்கு. 1920 ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில் அவர் மறைந்தார்.

காச நோய் என்றே அன்றைய மருத்துவர்கள் கருதினர். 1994இல் யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அஃது அமீபாவால் கல்லீரலில் உண்டான நோயாக இருந்திருக்கலாம் என்றும், கண்டறிந்திருந்தால் அக்காலத்திலேயே தீர்த்திருக்கலாம் என்றும் எழுதினார். அக்கருத்து சரியாயின், குறள் கூறும் நான்கனுள் இரண்டு தவறிவிட்டன. மருத்துவர் நோயை அறியவில்லை. ஆகவே உரிய மருந்தும் வரவில்லை. நான்காம் கூறு மட்டும் இறுதிவரை தவறவில்லை.

கணவர் மறைந்தபின் ஜானகி அம்மாள் 74 ஆண்டுகள் வாழ்ந்தார். தையல் கற்று, திருவல்லிக்கேணியில் தம் உழைப்பால் வாழ்க்கை நடத்தினார். மறைந்த தோழியின் மகனைத் தம் மகனாகவே வளர்த்தார். ஒத்தடத்திற்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களையும் முதுமைவரை பாதுகாத்து வைத்திருந்தார்.

அவர் அடுக்கி வைத்த தாள்கள் என்னவாயின? சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியாக 1923இல் பேராசிரியர் ஹார்டிக்குத் தாள்கள் அனுப்பப்பட்டன. பின்னர் அவை நெடுங்காலம் வெளியுலகின் கண்ணில் படவில்லை. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களைக் கண்டெடுத்தார். அவற்றுட் பெரும்பாலானவை அந்த இறுதி ஓராண்டில் எழுதப்பட்டவை. 1987இல் இராமானுஜன் நூற்றாண்டு விழாவின்போது அவை நூல்வடிவம் பெற்றன. முதற்படியைப் பிரதமர் இராஜீவ் காந்தி ஜானகி அம்மாளிடம் வழங்கினார்.

88 வயது மூதாட்டியின் கைகள் அந்நூலைப் பெற்றுக்கொண்டன. 67 ஆண்டுகளுக்கு முன்னர், சேத்துப்பட்டு வீட்டில், படுக்கையைச் சுற்றிச் சிதறிக் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி அடுக்கிய அதே கைகள்.