காப்புரிமைக்குப் பின் வரும் ஆண்டுகள்

பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் இப்போது ஒரு வேகத்தைப் பார்க்கிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட் முடிவதற்குள் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். விண்ணப்ப எண் வந்ததும் பயோடேட்டாவில் ஒரு வரி ஏறிவிட வேண்டும். அந்த வேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். புதிதாக ஒன்றைச் செய்து காட்டும் ஆசை இளமைக்கு அழகு. ஆனால் அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய வயதில் நான் இருக்கிறேன், சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இயந்திரத்தின் பின்னால் இருப்பவர் செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர். தந்தைக்குக் காசநோய், மூட்டுவாதம். பள்ளி நாட்களிலேயே உழைத்து வீட்டைத் தாங்கிய அந்தப் பையன், 17 வயதில் தாயையும் இழந்தான். கடன்பட்டு இயற்பியல் படித்து 1930-இல் பட்டம் பெற்றபோது நாடே பொருளாதாரப் பெருமந்தத்தில் கிடந்தது. கிடைத்த முதல் வேலையும் 1933-இல் போயிற்று. பிறகு நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் அமர்ந்தார். அங்கே வரைபடங்களுக்கும் விவரக்குறிப்புகளுக்கும் நகல் போதாது. ஒன்று, செலவழித்துப் புகைப்பட நகல் எடுக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். மாலையில் சட்டக் கல்லூரி. பாடப்புத்தகம் வாங்கக் காசில்லாமல் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதினார். அவருக்கும் மூட்டுவாதம் இருந்தது. எழுதும் கையில் வலி எடுத்தவருக்குத்தான் நகல் இயந்திரத்தின் தேவை முழுமையாகப் புரிந்தது.

அந்த நூலகத்திலேயே தேடிப் படித்து ஒரு வழியைக் கண்டார். சில பொருள்கள் இருட்டில் மின்னேற்றத்தைத் தாங்கி வைத்திருக்கும். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் அதை இழந்துவிடும். அப்படியென்றால் எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மின்னேற்றம் மிஞ்சும். அங்கே தூளைத் தூவினால் தூள் ஒட்டிக்கொள்ளும். 1937-லேயே முதல் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார். வீட்டுச் சமையலறையில் கந்தகத்தைக் காய்ச்சிச் சோதனை செய்தார். பிறகு குவீன்ஸ் பகுதியின் அஸ்டோரியாவில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்த ஓட்டோ கோர்னை என்ற இயற்பியலாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

1938 அக்டோபர் 22. துத்தநாகத் தகட்டில் கந்தகப் பூச்சு. அறையை இருட்டாக்கித் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார்கள். கண்ணாடிச் சில்லில் மையால் அன்றைய தேதியையும் ஊர்ப்பெயரையும் எழுதித் தகட்டின்மேல் வைத்துச் சில வினாடிகள் விளக்கொளி காட்டினார்கள். பிறகு நுண்ணிய தாவரத்தூளைத் தூவி, மெல்ல ஊதினார்கள். தகட்டில் அந்தத் தேதி நின்றது. மெழுகுத்தாளை அழுத்தி எடுத்தபோது தாளிலும் நின்றது.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைப்போம். கோர்னை சோர்ந்துபோய் வேறு வேலைக்குப் போனார். அவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். அயல்நாட்டில் பிழைக்க வந்தவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். கார்ல்சன் ஐந்தாறு ஆண்டுகள் நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கினார். ஐபிஎம், கோடக், ஜெனரல் எலக்ட்ரிக் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வேண்டாம் என்றன. கார்பன் தாள் இருக்கையில் இது எதற்கு என்பதே பெரும்பாலோர் எண்ணம். 1942 அக்டோபர் 6-இல் அடிப்படைக் காப்புரிமை கிடைத்தது. வாங்க ஆள் இல்லை. 1944-இல்தான் ஒஹையோ மாநிலத்தின் பட்டேல் ஆய்வு நிறுவனம் கைகொடுத்தது. 1947-இல் ராச்செஸ்டர் நகரின் ஹாலாய்ட் என்ற சிறு நிறுவனம் சேர்ந்துகொண்டது. கந்தகத்தின் இடத்துக்குச் செலினியம் வந்தது. அலுவலகத்தில் யாரும் பொத்தானை அழுத்தி நகல் எடுக்கும் ஜெராக்ஸ் 914 வெளியானது 1959 செப்டம்பரில். அதன் எடை ஏறத்தாழ 300 கிலோ.

இப்போது கணக்குப் பாருங்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை, வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள். 1942-உடன் 17-ஐக் கூட்டினால் 1959 அக்டோபர். இயந்திரம் சந்தைக்கு வந்தபோது மூலக் காப்புரிமைக்கு ஒரு மாத ஆயுள்கூட மிச்சமில்லை. அதற்குப் பிறகும் தொழிலைக் காத்தவை, இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொரு உறுப்பையும் செம்மைப்படுத்தி எடுத்த மேம்பாட்டுக் காப்புரிமைகள். காத்திருப்பது வேறு, சும்மா இருப்பது வேறு. கார்ல்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் சும்மா இருந்திருந்தால் 1959-இல் அவர்கள் கையில் எதுவும் இருந்திராது. கார்ல்சனின் பொறுமை ஒன்றை மட்டும் புகழ்வதும் சரியல்ல. பட்டேலின் ஆய்வாளர்களும், இருக்கும் முதலையெல்லாம் போடத் துணிந்த ஹாலாய்டும் இல்லாமல் அது கரை சேர்ந்திருக்காது. உங்கள் யோசனையைப் பூட்டி வைத்துத் தனியே சுமக்காதீர்கள். விண்ணப்பித்த பிறகு, நம்பத் தகுந்தவரிடம் கொண்டு போங்கள்.

இங்கிலாந்தின் ஃபிராங்க் விட்டிலின் வரலாறு வேறு பாடம். விமானப்படையில் இளம் அதிகாரியாக இருந்தபோது, 1930 ஜனவரியில் ஜெட் எந்திரத்துக்கு விண்ணப்பித்தார். அரசுக்கு அதில் அக்கறை இல்லை. 1935-இல் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் ஐந்து பவுண்டு கட்டணம் கட்ட அவரால் முடியவில்லை. அரசும் கட்ட மறுத்தது. உரிமை காலாவதியானது. ஆனாலும் நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய சிறு நிறுவனத்தில் வேலை தொடர்ந்தது. 1937 ஏப்ரலில் எந்திரம் ஓடியது. 1941 மே 15 அன்று அதைச் சுமந்த விமானம் பறந்தது. அதற்குள் 1939 ஆகஸ்டிலேயே ஜெர்மனியின் ஜெட் விமானம் பறந்துவிட்டது. முதலில் பறக்கவிட்ட பெருமை அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த இழப்பு உண்மையான இழப்புதான். நம் நாட்டிலும் மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. மனவுறுதி பெரிது, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைப்பதும் மனவுறுதியின் வேலைதான்.

பெண் பிள்ளைகளுக்கு ஸ்டெஃபனி குவோலெக்கைச் சொல்ல வேண்டும். டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர். டயருக்கு எடை குறைந்த, வலுவான இழை தேடிக்கொண்டிருந்தார்கள். 1965-இல் அவர் குடுவையில் ஒரு கரைசல் உருவானது. வழக்கமான கரைசல் கெட்டியாக, தெளிவாக இருக்கும்; இது மோர்போல நீர்த்து, கலங்கி இருந்தது. கீழே கொட்டிவிடத் தோன்றும் பொருள். இழை நூற்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர், நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று தயங்கினார். குவோலெக் விடாமல் கேட்டு நூற்க வைத்தார். வந்த இழையின் வலிமை எண்களைத் தாமே நம்பாமல், திரும்பத் திரும்பச் சோதனைக்கு அனுப்பிய பிறகே பிறரிடம் சொன்னார். அதுதான் கெவ்லர்: எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு வலிமை. இன்று துப்பாக்கிக் குண்டு தாங்கும் உடையில் இருக்கிறது. உரிமை நிறுவனத்துக்குப் போயிற்று. சம்பளத்துக்கு வேலை செய்பவர் நிலைமை பெரும்பாலும் அதுவே. வேலையில் சேரும்போது கையெழுத்திடும் ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள். ஆனால் இந்த வரலாற்றில் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. மகிழ்ச்சியான முடிவு கையில் இருக்கும்போதும் அதைச் சந்தேகித்து மறுபடி சோதிக்க ஒரு பொறுமை வேண்டும். தோல்வியைத் தாங்கும் பொறுமையைவிட அது அரிது.

கார்ல்சனைப் பற்றி இன்னும் ஒன்று. பெரும் செல்வம் வந்த பிறகு, பாதியில் விட்டுப்போன கோர்னைக்கு, ஜெராக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஹாலாய்ட் நிறுவனத்தின் 100 பங்குகளை அன்பளிப்பாக அனுப்பினார். தம் செல்வத்தின் பெரும்பகுதியையும் 1968-இல் இறப்பதற்குள் தானமாகக் கொடுத்துவிட்டார். இருபதாண்டு காத்திருந்தும் மனம் கசக்காமல் வைத்துக்கொண்டார் அந்த மனிதர்.

கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்துவிட்டு நிற்கும் பிள்ளைகளே, முழு விவரக்குறிப்பைக் கொடுக்க உங்களுக்கு 12 மாதம் இருக்கிறது. இன்றே ஒரு குறிப்பேட்டை எடுங்கள். செய்யும் சோதனை ஒவ்வொன்றையும், தோற்றதையும் சேர்த்து, தேதியிட்டு எழுதுங்கள். பயன்படுத்தப் போகிறவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.